மாதச் சம்பளமா, நாள் கூலியா, பீஸ் ரேட்டா, காண்ட்ராக்டா? ஏப்ரல் பஞ்சப்படி ஏறும்போது எது கட்டுப்படியாகும்

ஏப்ரல் பிறந்ததும் தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் சிறு தொழில் நடத்துவோர் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்த வருஷமும் பஞ்சப்படி ஏறிவிட்டதாமே, ஆட்களை எப்படி வைத்துக்கொண்டால் கட்டும்?" காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்கூழ் ஆலை, பென்னாகரம் பக்கத்துப் புளிக் கிடங்கு, ஓசூர் லேத் பட்டறை, பாலக்கோட்டுச் செங்கல் சூளை, நெடுஞ்சாலை ஓட்டல் என்று தொழில் எதுவாக இருந்தாலும் தடுமாற்றம் நான்கு வழிகளுக்கு நடுவில்தான். மாதச் சம்பளத்தில் ஆள் எடுப்பதா, நாள் கூலிக்கு அழைப்பதா, செய்த அளவுக்குக் கூலி என்று பீஸ் ரேட் பேசுவதா, காண்ட்ராக்டரிடம் விட்டுவிடுவதா?

ஒப்பிடத் தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கூலி கொடுக்கும் முறையை மாற்றினால் குறைந்தபட்ச ஊதியம் குறையாது. நான்கு வழிக்கும் அடித்தளம் ஒன்றே. "குறைத்துக் கொடுத்தால் போதும் என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார்" என்பதும் செல்லாது. ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று 1982இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தொழிலில் வரும்படி இல்லை என்பதை நீதிமன்றங்கள் காரணமாக ஏற்றதும் இல்லை. ஆகவே வேலையின் தன்மையைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுங்கள். ஏப்ரலைத் தப்பிக்க ஒரு முறையைத் தேடினால் எந்த முறையும் கடைசியில் கூடுதல் செலவில்தான் முடியும்.

## ஏப்ரல் 1 அன்று மாறுவது எது

தமிழ்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்துக்கு இரண்டு பகுதிகள். ஒன்று அடிப்படை ஊதியம். ஒவ்வொரு தொழிலுக்கும் அரசு தனி அறிவிக்கை வெளியிட்டு இதை நிர்ணயிக்கிறது; பொதுவாக ஐந்தாண்டுக்குள் திருத்த வேண்டும். இன்னொன்று அகவிலைப்படி, பேச்சு வழக்கில் பஞ்சப்படி. சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் முந்தைய ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சராசரியை வைத்து, ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் இது மாறும். எத்தனையாவது புள்ளிக்கு மேல், புள்ளிக்கு எத்தனை ரூபாய் என்பது அந்தந்தத் தொழிலின் அறிவிக்கையிலேயே இருக்கும். ஆண்டுதோறும் வருவது சிறு ஏற்றம். அடிப்படை ஊதியம் திருத்தப்படும் ஆண்டில் வருவதுதான் பெரிய ஏற்றம்.

இந்தக் கணக்கில் அடிக்கடி நடக்கும் தவறுகள் நான்கு.

தொழில் அட்டவணையை மாற்றிப் பார்ப்பது முதல் தவறு. ஓட்டலுக்கு ஒன்று, கடைகளுக்கு ஒன்று, அரிசி ஆலைக்கு ஒன்று, கல் உடைப்புக்கு ஒன்று என்று தனித்தனி. ஒரே வளாகத்தில் ஆலையும் சில்லறை விற்பனையும் இருந்தால் இரண்டு அட்டவணை தேவைப்படலாம்.

இரண்டாவது, மண்டலம். சில அறிவிக்கைகள் மாநகராட்சி, நகராட்சி, மற்ற பகுதி என்று பிரித்து விகிதம் சொல்கின்றன. ஓசூர் 2019இல் மாநகராட்சி ஆனது. பழைய நகராட்சி விகிதத்திலேயே நின்றுவிட்டவர்கள் தங்கள் பட்டியலை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

மூன்றாவது, குறியீட்டெண்ணைத் தாமே எடுத்துக் கணக்கிடுவது. தொழிலாளர்களுக்கான விலைக் குறியீட்டின் அடிப்படை ஆண்டு 2020 செப்டம்பரில் 2001இலிருந்து 2016க்கு மாறிவிட்டது. பழைய அறிவிக்கைகளில் உள்ள புள்ளிகள் பழைய வரிசையைச் சேர்ந்தவை. புதிய எண்ணை அப்படியே போட்டால் அகவிலைப்படி ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று காட்டும். தொழிலாளர் துறை ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலை எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

நான்காவது, வகைப்பாடு. எந்திரம் ஓட்டுபவரை "உதவியாளர்" என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறார்கள். தகராறு வந்தால் அவர் பெயருக்கு நேரே எழுதிய பதவியை விட, அவர் உண்மையில் செய்த வேலைதான் கணக்கில் எடுக்கப்படும்.

சட்டப் பின்னணியும் மாறியிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் இடத்தில் ஊதியங்கள் சட்டத்தொகுப்பு, 2019 என்பது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. முரண்படாத அளவுக்குப் பழைய அறிவிக்கைகள் தொடர்கின்றன. பழைய சட்டத்தில் அட்டவணையில் இருந்த தொழில்களுக்கு மட்டுமே இருந்த பாதுகாப்பு இப்போது எல்லாத் தொழிலாளர்களுக்கும் விரிந்திருக்கிறது. குறைவாகக் கொடுத்தால் முதல் முறை 50,000 ரூபாய் வரை அபராதம். ஐந்தாண்டுக்குள் மறுபடியும் செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். முன்பு ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டிய பாக்கியை இப்போது மூன்று ஆண்டு வரை கேட்கலாம். பாக்கிக்கு மேல் அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்க முடியும். கூலி கொடுக்கவில்லை என்று தொழிலாளி சொன்னால், கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி.

கட்டுரை முழுக்க ஒரு மாதிரிக் கணக்கை வைத்துக்கொள்வோம். இவை எந்தத் தொழிலின் உண்மை விகிதமும் அல்ல, கணக்குப் புரிவதற்காக மட்டும். மார்ச் வரை அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்த்து மாதம் 12,800 ரூபாய். குறியீடு 8 புள்ளி உயர்ந்தது, புள்ளிக்கு 30 ரூபாய் என்றால் ஏற்றம் 240. ஏப்ரல் முதல் 13,040. நாள் கூலிக்கு 26ஆல் வகுக்க வேண்டும்: 492.31 ரூபாய் 501.54 ஆகிறது.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள் போதும். வேலை ஆண்டு முழுவதும் இருக்கிறதா, பருவத்துக்கு மட்டுமா? வேலை நின்று போகும் நாளின் நட்டம் யார் தலையில்? ஏப்ரல் ஏற்றத்தைச் சேர்க்க எத்தனை இடத்தில் கணக்கை மாற்ற வேண்டும்? எந்தப் பதிவேடு இல்லாவிட்டால் வழக்கில் தோற்பீர்கள்? வெளியே தெரியாத செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அது நான்கு வழிக்கும் பொது. மாதம் 240 ரூபாய் ஏற்றம் 240 ரூபாயோடு நிற்பதில்லை. வருங்கால வைப்பு நிதிக்கு நிர்வாகக் கட்டணம், காப்பீடு உட்பட முதலாளி பங்கு 13 சதவீதம்: 31.20. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம்: 7.80. போனஸ் குறைந்தது 8.33 சதவீதம்: 20 ரூபாய். போனஸ் கணக்கிடும் உச்சவரம்பு 7,000 என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்; 7,000 அல்லது அந்தத் தொழிலின் குறைந்தபட்ச ஊதியம், இவற்றில் எது அதிகமோ அது என்று 2015 திருத்தமே சொல்லிவிட்டது. வேலையை விடும்போது தரும் பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஒதுக்க வேண்டியது சுமார் 11.54. மொத்தம் 310 ரூபாய்க்குச் சற்று மேல். 25 பேருக்கு மாதம் 6,000 ஏறும் என்று நினைத்தால், உண்மையில் ஏறுவது 7,760 ரூபாய். வைப்பு நிதிக்கும் போனசுக்கும் 20 பேர், இ.எஸ்.ஐ.க்கும் பணிக்கொடைக்கும் 10 பேர் என்ற வரம்பு உங்களுக்குப் பொருந்தினால் இந்தக் கணக்கு.

பணிக்கொடையில் இன்னொரு நுட்பம் உண்டு. கடைசியாக வாங்கிய ஊதியத்தை வைத்துத்தான் எல்லா ஆண்டுக்கும் கணக்கு. 12 ஆண்டு இருந்தவருக்கு இந்த ஆண்டு 240 ஏற்றினால், கழிந்த 12 ஆண்டுக்கும் சேர்த்து உங்கள் பொறுப்பு 1,661 ரூபாய் கூடுகிறது. இதற்காகப் பழைய ஆட்களை அனுப்பிவிட்டுப் புதியவர்களை எடுப்பவர்கள் கைத்திறனை இழக்கிறார்கள். அந்த நட்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

## மாதச் சம்பளம்

ஏப்ரல் மாற்றத்துக்கு மிக எளிய முறை இதுதான். ஊதியப் பதிவேட்டில் அகவிலைப்படி என்ற ஒரே பத்தியில் எண்ணை மாற்றினால் வேலை முடிந்தது. அடிப்படை, அகவிலைப்படி இரண்டையும் தனித்தனிப் பத்தியில் காட்டுங்கள். "மொத்தச் சம்பளம் 13,100" என்று ஒற்றை எண்ணாக எழுதியவர்கள், அதில் வீட்டு வாடகைப்படி எவ்வளவு, பயணப்படி எவ்வளவு என்று பின்னால் விளக்க முடியாமல் திணறுகிறார்கள். புதிய சட்டத்தொகுப்பில் ஊதியம் என்றால் அடிப்படையும் அகவிலைப்படியும், வேலையற்ற பருவத்தில் ஆளைத் தக்கவைக்கக் கொடுக்கும் தக்கவைப்புப் படியும்தான்; வீட்டு வாடகை, பயணம், ஓவர்டைம் சேராது. விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கருதப்படும். அடிப்படையைச் சிறிதாகக் காட்டி வைப்பு நிதியை மிச்சப்படுத்தும் பழைய வழி அடைபட்டுவிட்டது.

மறைந்த செலவு சும்மா இருக்கும் நாட்களில் இருக்கிறது. மின்சாரம் இல்லை, லோடு வரவில்லை, எந்திரம் பழுது என்றாலும் சம்பளம் உண்டு. தோத்தாபுரி மாங்காய் வரத்து மே முதல் ஜூலை வரை மட்டுமே உள்ள ஆலையில் 60 பேரை ஆண்டு முழுக்க மாதச் சம்பளத்தில் வைப்பது நடக்காது. ஆனால் பாய்லர், குளிர்பதன அறை, ஆய்வகம், கணக்கு ஆகியவற்றுக்கு இதைத் தவிர வேறு முறை சரிப்படாது. அந்த ஆட்கள் பருவத்துக்கு நடுவில் போய்விட்டால் முழு ஆலையும் நிற்கும்.

பருவத்துக்கு மட்டும் மாதச் சம்பளம் வேண்டுமென்றால் குறித்த காலப் பணி நியமனம் உண்டு. தேதி போட்டு எழுத்தில் கொடுக்க வேண்டும். அதே வேலை செய்யும் நிரந்தர ஆளுக்குள்ள ஊதியமும் சலுகையும் இவருக்கும் உண்டு.

ஓவர்டைமை மாதச் சம்பளக்காரர்களுக்கு மறந்துவிடுகிறார்கள். 13,040ஐ 26ஆலும், பிறகு 8ஆலும் வகுத்தால் மணிக்கு 62.69. ஓவர்டைம் இரட்டிப்பு, அதாவது மணிக்கு 125.38. "ஷிப்டுக்கு 12 மணி நேரம், மாதம் 15,000" என்று பேசி வைக்கும் காவலாளி ஒப்பந்தம் இந்த இடத்தில்தான் உடைகிறது. தினம் 4 மணி நேர ஓவர்டைம், 26 நாளுக்கு 13,000 ரூபாய்க்கு மேல். 15,000 தாராளமான சம்பளம் போலத் தெரியும். கணக்குப்படி அவருக்கு மாதம் 11,000க்கு மேல் பாக்கி இருக்கிறது.

## நாள் கூலி

வேலை உள்ள நாளைக்கு மட்டும் கூலி என்பதால் மலிவு என்று நினைப்பது வழக்கம். ஆண்டில் 365 நாளில் 52 வார விடுப்பு போக 313 நாள். மாதச் சராசரி 26.08. 26ஆல் வகுத்த கூலியை ஆண்டு முழுக்கக் கொடுத்தால் மாதச் சம்பளத்துக்குச் சமமாகவே வந்து நிற்கும். 27 வேலை நாள் உள்ள மாதத்தில் 13,541 ரூபாய் ஆகும், 24 நாள் பிப்ரவரியில் 12,037 ஆகும். ஆக, நாள் கூலியில் மிச்சம் என்பது நீங்கள் ஆளை அழைக்காத நாட்களில் மட்டும்தான்.

அழைத்துவிட்டால் நிலைமை வேறு. காலை 8 மணிக்கு வந்தவரை, லாரி வரவில்லை என்று 11 மணிக்கு அனுப்பினால் முழு நாள் கூலி தர வேண்டும். அவராக விரும்பிப் போனால்தான் விலக்கு. இந்த வட்டாரத்தில் "அரை நாள்" என்று வெட்டுவது சாதாரணப் பழக்கமாகிவிட்டது. வருகைப் பதிவேட்டில் அரை நாள் என்று நீங்களே எழுதி வைப்பது, பின்னால் உங்களுக்கு எதிரான சான்றாகத்தான் வந்து நிற்கும். வரத்து உறுதியில்லாத நாளில் முந்தின இரவே போனில் சொல்லி நிறுத்துவது இருவருக்கும் நல்லது.

குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், இவற்றோடு ஐந்து பண்டிகை நாள் என ஒன்பது நாள் ஊதியத்துடன் விடுமுறை என்று 1958ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் சொல்கிறது. நாள் கூலிக்காரருக்கு இல்லை என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். மாதிரிக் கணக்கில் ஒன்பது நாள் என்பது ஒருவருக்கு 4,514 ரூபாய்.

தமிழ்நாட்டுக்கே உரிய இன்னொரு சட்டம் 1981இல் வந்தது. அது பொருந்தும் நிறுவனத்தில் 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரத் தொழிலாளி ஆகிறார். நாள் கூலி என்று எழுதி வைத்திருப்பதால் அது நின்றுவிடாது. ஆண்டு முழுக்க அதே 15 பேரை நாள் கூலியில் வைத்திருக்கும் பட்டறைகள், பேசாமல் மாதச் சம்பளத்துக்கு மாறிவிடலாம். செலவில் பெரிய வித்தியாசம் இருக்காது. தொழிலாளிக்கு வங்கிக் கடனும் ரேஷன் செலவும் திட்டமிட ஒரு பிடி கிடைக்கும்.

கூலி கொடுக்கும் நேரமும் சட்டத்தில் உண்டு. தினக் கூலி ஷிப்ட் முடியும்போது, வாரக் கூலி வார விடுப்புக்கு முன், மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள். வேலையை விட்டுப் போனவருக்கோ நிறுத்தப்பட்டவருக்கோ இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். பருவம் முடிந்து ஊருக்குப் போகும் ஒடிசா, பீகார் ஆட்களின் கடைசிக் கூலி தங்கிப்போவதுதான் மாங்கூழ் ஆலைகளில் பெரிய தகராறு. கிளம்பும் நாளுக்கு முன் பட்டியலைத் தயாராக வைத்து வங்கிக் கணக்கில் செலுத்திவிடுங்கள்.

ஏப்ரல் மாற்றத்தில் நாள் கூலிக்குரிய சறுக்கல், ரவுண்டு செய்வது. 501.54ஐ 500 என்று ரவுண்டு செய்தால் அது குறைவான கூலி. 502 என்றோ 505 என்றோ மேல்நோக்கி மட்டுமே ரவுண்டு செய்ய வேண்டும்.

## பீஸ் ரேட்

அதிகம் தவறு நடப்பதும், தவறு வெளியே தெரியாமல் கிடப்பதும் இங்கேதான். புளி தட்டிக் கொட்டை எடுப்பது, அட்டைப்பெட்டி ஒட்டுவது, செங்கல் அறுப்பது, மாங்காய் தரம் பிரிப்பது எல்லாம் கிலோவுக்கு, நூற்றுக்கு, ஆயிரத்துக்கு என்றே பேசப்படுகின்றன. பீஸ் ரேட் சட்ட விரோதம் இல்லை. அந்தத் தொழிலுக்குத் தனியாகக் குறைந்தபட்ச பீஸ் ரேட் நிர்ணயிக்காமல் நேர ஊதியம் மட்டும் நிர்ணயித்திருந்தால், எத்தனை கிலோ தட்டினாலும் அந்த நேர ஊதியத்துக்குக் குறையக் கூடாது. அவ்வளவுதான் விதி.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். சராசரியாக ஒரு பெண் 8 மணி நேரத்தில் 40 கிலோ செய்கிறார் என்று வைத்து, மார்ச்சில் கிலோவுக்கு 12.35 பேசினீர்கள். 494 ரூபாய், அன்றைய 492.31க்கு மேல், சரி. ஏப்ரலில் அடித்தளம் 501.54 ஆனது, ரேட் மாறவில்லை. சராசரி வேகத்தில் வேலை செய்பவருக்கே தினம் 7.54 குறைகிறது. 20 பேர், 26 நாள் என்றால் மாதம் 3,920 ரூபாய் பாக்கி சத்தமில்லாமல் சேர்கிறது. 32 கிலோ செய்பவர் நிலைமை இன்னும் மோசம்: அவருக்குக் கிடைப்பது 395.20, தினம் 106 ரூபாய்க்கு மேல் குறைவு.

சராசரியை வைத்து ரேட் போட்டால் பாதிப் பேர் எப்போதும் கீழே இருப்பார்கள். ஆகவே வேகம் குறைந்த மூன்றில் ஒரு பங்கினரின் அளவை வைத்துப் போடுங்கள். அது 34 கிலோ என்றால் ரேட் 14.76. அப்போதும் 32 கிலோ செய்பவருக்கு 472.32 வரும், மீதி 29.22ஐ "ஈடு" என்று தனிப் பத்தியில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அளவு எடுக்கும் நாளில் சரக்கு எப்படி இருந்தது என்பதையும் குறித்து வையுங்கள். ஈரமான புளியிலும் ஓடு ஒட்டிய புளியிலும் செய்யும் அளவு நிச்சயம் குறையும். அந்தக் குறைவுக்குத் தொழிலாளி பொறுப்பில்லை.

பீஸ் ரேட்டில் மணிக்கணக்கு வேண்டாம் என்று நினைத்து வருகைப் பதிவேட்டை விட்டுவிடுகிறார்கள். பீஸ் ரேட்டுக்குத்தான் நேரக் குறிப்பு கட்டாயம் வேண்டும். 400 ரூபாய் வாங்கியவர் ஐந்து மணி நேரம்தான் இருந்தார் என்பதை வேறெப்படிக் காட்டுவீர்கள்?

செங்கல் சூளையில் இன்னொரு வழக்கம் உண்டு: ஜோடிக் கூலி. கணவன் மனைவி இருவரும் அறுக்க, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசிக் கணவன் பெயரில் மட்டும் எழுதுவது. நாளைக்கு 800 கொடுத்தால் ஒருவருக்கு 800 போலப் பதிவேட்டில் தெரியும். இரண்டு பேருக்குத் தர வேண்டியது 1,003 ரூபாய். குறைந்தபட்ச ஊதியம் தலைக்கு, குடும்பத்துக்கு இல்லை. மனைவி பெயர் பதிவேட்டில் இல்லையென்றால் அவர் இத்தனை நாளும் இலவசமாக உழைத்ததாகவே பொருள், அவருக்கு இ.எஸ்.ஐ.யும் இல்லை, விபத்து நடந்தால் இழப்பீடும் இழுபறி. பிள்ளைகள் கல் திருப்பினால் அது வேறொரு குற்றம்.

இதன் மேல் முன்பணமும் சேர்ந்தால் ஆபத்து முற்றுகிறது. முன்பணம் கொடுத்து, அதைக் காட்டி ஆளைப் போகவிடாமல் வைத்து, ஊதியமும் குறைவாகக் கொடுத்தால் அது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்துக்குள் போகும். தர்மபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் கோட்டங்களில் வருவாய்க் கோட்ட அலுவலகம் விசாரித்து விடுதலைச் சான்று கொடுத்தால் முன்பணக் கடனே செல்லாமல் போகும். முன்பணம் கொடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. எழுத்தில் கொடுங்கள், பிடித்தம் எல்லாம் சேர்த்து ஊதியத்தில் பாதியைத் தாண்டாமல் பாருங்கள், போக நினைப்பவரைத் தடுக்காதீர்கள்.

பீஸ் ரேட் யாருக்குப் பொருந்தும்? சரக்கின் தரம் சீராக, அளவை எண்ண எளிதாக, வேகமான கைகள் நிறைய உள்ள இடத்துக்கு. அங்கே நல்ல தொழிலாளி நாள் கூலியை விட அதிகம் வாங்குவார், உங்களுக்கும் உற்பத்தி ஏறும். அடித்தளத்துக்குக் கீழே போக வழி தேடுபவருக்கு இது பொருந்தாது.

## காண்ட்ராக்ட்

"ஆள் அவருடையது, எனக்குச் சம்பந்தமில்லை" என்பது உண்மையில்லை. காண்ட்ராக்டர் கூலியைக் கொடுக்காவிட்டாலோ குறைத்துக் கொடுத்தாலோ பொறுப்பு கடைசியில் வேலை வாங்கிய நிறுவனத்தின் மேல் வந்து விழும்.

காண்ட்ராக்டரிடமிருந்து விலைப்புள்ளி வந்ததும் செய்ய வேண்டிய சோதனை இது. ஊதியம் 13,040, வைப்பு நிதி 1,695, இ.எஸ்.ஐ. 424, போனஸ் 1,086. ஒருவருக்கு 16,245 ரூபாய். இதன் மேல் காண்ட்ராக்டரின் சேவைக் கட்டணம் 6 சதவீதம் என்றால் 17,220. ஆள் வழங்கும் சேவைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 20,320. ஒருவர் 15,000க்கு ஆள் தருகிறேன் என்றால், அவருடைய லாபம் தொழிலாளியின் வைப்பு நிதியிலிருந்தோ கூலியிலிருந்தோதான் வர முடியும். அந்தப் பாக்கி ஒருநாள் உங்கள் பெயருக்கு வரும். ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரவு (கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) எடுக்க முடியாத தொழிலாக இருந்தால் அந்த 3,100 ரூபாயும் முழுச் செலவுதான்.

ஏப்ரல் ஏற்றம் காண்ட்ராக்ட் தொகையில் தானாகச் சேரும் என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், ஏற்றத்தைத் தொழிலாளிக்குக் கொடுக்காமல் விழுங்குவதைத் தவிர காண்ட்ராக்டருக்கு வேறு வழியில்லை. மாதப் பில்லைப் பாஸ் செய்வதற்கு முன் முந்தைய மாத வங்கிப் பட்டுவாடா, வைப்பு நிதிச் செலான், பெயர்வாரியான இ.எஸ்.ஐ. பட்டியல் மூன்றையும் வாங்குங்கள். செலானில் உள்ள தலை எண்ணிக்கையும் உங்கள் கேட் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தாலே பாதிக் குளறுபடி வெளிப்படும்.

50 அல்லது அதற்கு மேல் காண்ட்ராக்ட் ஆட்கள் உள்ள நிறுவனத்தில், மையத் தொழிலுக்குக் காண்ட்ராக்ட் ஆள் வைப்பதற்குப் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு, 2020 என்ற இன்னொரு புதிய சட்டத்தொகுப்பில் தடை உண்டு. காவல், கேன்டீன், ஏற்றி இறக்குதல் போன்றவை விலக்கு. குறித்த காலத்துக்குள் முடிக்க வேண்டிய திடீர் வேலைப் பெருக்கமும் விலக்கு. மாம்பருவ நெருக்கடிக்கு இது கைகொடுக்கும், ஆண்டு முழுக்க ஓடும் லேத்துக்குக் கைகொடுக்காது.

## ஒரே பார்வையில்

| எடை போடுவது | மாதச் சம்பளம் | நாள் கூலி | பீஸ் ரேட் | காண்ட்ராக்ட் |
|---|---|---|---|---|
| ஏப்ரலில் மாற்ற வேண்டியது | ஒரு பத்தி | நாள் விகிதம், ஓவர்டைம் விகிதம் | ஒவ்வொரு பொருளின் ரேட்டும் | ஒப்பந்தத் தொகை, பில் |
| வேலையற்ற நாளின் சுமை | முதலாளிக்கு | அழைக்காவிட்டால் தொழிலாளிக்கு | வந்துவிட்டால் முதலாளிக்கு | ஒப்பந்தப்படி |
| வழக்கில் காக்கும் ஆவணம் | ஊதியப் பதிவேடு | வருகைப் பதிவேடு | நேரக் குறிப்பும் அளவுக் குறிப்பும் | செலான், வங்கிப் பட்டுவாடா |
| மறைந்த செலவு | ஓவர்டைம், பணிக்கொடை | பண்டிகை விடுமுறை, அரை நாள் வெட்டு | ஈட்டுத் தொகை | சேவைக் கட்டணம், ஜி.எஸ்.டி., மீள்பொறுப்பு |
| பொருந்தும் இடம் | பட்டறை, கடை, ஆலையின் நிலையான பணி | வரத்து ஏறி இறங்கும் பருவ வேலை | சீரான சரக்கு, எண்ணக்கூடிய வேலை | காவல், ஏற்றி இறக்குதல், குறுகிய நெருக்கடி |

பெரும்பாலான ஆலைகளுக்குக் கலவைதான் சரி. மாங்கூழ் ஆலை என்றால் நிலையான பத்துப் பதினைந்து பேர் மாதச் சம்பளம், பருவத்து ஆட்கள் குறித்த காலப் பணி அல்லது நாள் கூலி, ஏற்றி இறக்க மட்டும் காண்ட்ராக்ட். புளிக் கிடங்கில் பீஸ் ரேட், ஆனால் நாள் அடித்தளத்தோடு. ஓசூர் பட்டறையில் மாதச் சம்பளம் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளி தாண்டினால் வேறு வேலை கிடைக்கும் ஊரில், கைத்தொழில் தெரிந்தவரை நாள் கூலியில் பிடித்து வைக்க முடியாது. எல்லைக்கு அப்பால் உங்களுக்குக் கிளை இருந்தால் அங்கே வேலை செய்பவருக்குக் கர்நாடக விகிதம். வேலை எந்த மாநிலத்தில் நடக்கிறதோ அந்த மாநிலக் கணக்கு.

## ஏற்கெனவே கூடுதலாகக் கொடுப்பவர்கள்

"நான் 14,500 கொடுக்கிறேன், நானும் 240 ஏற்ற வேண்டுமா?" என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. குறைந்தபட்ச ஊதியம் ஒரே தொகுப்பு, மொத்தம் அதைத் தாண்டியிருந்தால் அகவிலைப்படியைத் தனியே கூட்டித்தர வேண்டியதில்லை என்று ஏர்ஃபிரைட் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த 14,500இல் அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்து 13,040ஐத் தாண்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். அதே நேரத்தில், கூடுதலாகக் கொடுத்து வந்ததை அறிவிக்கையைக் காட்டிக் குறைக்க முடியாது. ஆண்டுதோறும் ஏற்றாமல் விட்டால் சில ஆண்டுகளில் அடித்தளம் உங்களை எட்டிவிடும். பத்தாண்டு அனுபவக்காரரும் நேற்று வந்தவரும் ஒரே சம்பளத்தில் நிற்பார்கள். அனுபவத்துக்கான இடைவெளியைக் காப்பாற்ற, பஞ்சப்படி ஏற்றத்தில் பாதியையாவது எல்லோருக்கும் சேர்ப்பது நல்லது.

## ஏப்ரலில் செய்ய வேண்டியவை

மார்ச் கடைசி வாரத்தில் ஆட்களின் பெயர், உண்மையில் செய்யும் வேலை, தொழில் அட்டவணை, மண்டலம் நான்கையும் ஒரே தாளில் எழுதி முடியுங்கள். புதிய விகிதம் கைக்கு வந்ததும் மாத, நாள், மணி, ஓவர்டைம் விகிதங்களை அதே தாளில் போடுங்கள். புதிய நாள் விகிதத்தை அளவால் வகுத்து பீஸ் ரேட் ஒவ்வொன்றையும் மறுபடி போடுங்கள்.

விகிதம் தாமதமாகத் தெரிந்து ஏப்ரல் சம்பளம் பழைய கணக்கில் போயிருந்தால், மே சம்பளத்தோடு நிலுவையைத் தனி வரியில் காட்டிக் கொடுத்துவிடுங்கள். நிலுவைக்கும் வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. பங்கு உண்டு, இரண்டுக்கும் கெடு அடுத்த மாதம் 15ஆம் தேதி. இடையில் வேலையை விட்டுப் போனவர்களின் நிலுவைதான் மறந்துபோகும். அவர்களின் வங்கிக் கணக்கு எண் உங்களிடம் இருக்கும், அனுப்பிவிடுங்கள். வருகை, ஊதியப் பதிவேடுகளை ஐந்தாண்டு பத்திரமாக வையுங்கள்; மூன்றாண்டுப் பாக்கிக் கோரிக்கை வந்து விசாரணை முடியவும் காலம் பிடிக்கும்.

ஊதியச் சீட்டு எல்லோருக்கும் கொடுங்கள். விகித அறிவிப்பைத் தமிழில் மட்டும் ஒட்டினால் போதாது. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் தெலுங்கும் கன்னடமும் படிப்பவர்கள் இருக்கிறார்கள், ஆலைகளில் இந்தியும் ஒடியாவும் படிப்பவர்கள் இருக்கிறார்கள். அவரவர் எழுத்தில் நாள் விகிதம், ஓவர்டைம் விகிதம், கூலி கொடுக்கும் நாள் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிக் கேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.